போரும் ஊசியும் – 7: சாங்கிச் சிறையின் 66 கட்டங்கள்

சென்ற வாரம் பாயோ துணியோடு நிறுத்தியிருந்தோம். ஏறக்குறைய 70 மீட்டர் நீளத்துக்கு நார்மன் வில்லியத்தின் வெற்றியைச் சொல்லும் துணி அது. தைத்த கைகள் தோற்றுப்போன இங்கிலாந்துப் பெண்களுடையவை என்பதுதான் ஆய்வாளர்களில் பலருடைய எண்ணம். வென்றவன் கதையைத் தோற்றவள் தைத்துக் கொடுத்தாள். இந்த வாரக் கதையிலும் தோற்றவர்கள்தான் தைக்கிறார்கள். ஆனால் இந்த முறை தங்கள் பெயரைத் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள்.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூரின் புக்கிட் தீமா சாலையில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிடாவிடம் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, ஊரில் இரண்டு பெரிய கூட்டங்கள் கூடின. ஒன்று ஃபேரர் பார்க் மைதானத்தில். இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேரை ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இந்திய தேசிய இராணுவம் அங்கே முளைவிட்டது. தமிழர் வீடுகளில் அந்தக் கூட்டத்தின் கதை இன்றும் பேசப்படுகிறது. இன்னொரு கூட்டம் கடற்கரையை ஒட்டிய பாடாங் திடலில். ஐரோப்பியக் குடிமக்கள் அத்தனை பேரும், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்பது உத்தரவு. நம் கதை அந்தத் திடலிலிருந்து கிளம்புகிறது.

வந்தவர்களை முதலில் காத்தோங் பக்கம் கொண்டுபோனார்கள். பெண்களும் குழந்தைகளும் ராக்ஸி திரையரங்கை அடுத்த வீடுகளில் அடைக்கப்பட்டார்கள். ஆண்களில் ஒரு பகுதியினர் அடைக்கப்பட்ட கடலோர மாளிகையின் பெயர் காரைக்கால் மஹால். பெயர் தமிழாக ஒலிப்பது தற்செயல் அல்ல. காரைக்காலிலிருந்து போய், மாட்டு வியாபாரத்தில் பெரும்பொருள் சேர்த்த மூனா காதர் சுல்தான் கட்டிய வீடு அது. வெள்ளைக்காரத் துரைமார் ஒரு தமிழ் முஸ்லிம் வணிகரின் மாளிகையில் கைதிகளாகத் தரையில் படுத்தெழுந்த அந்தச் சில நாட்களைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

மார்ச் 8 அன்று பெண்களை நடக்கச் சொன்னார்கள். காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறை வரை ஏழெட்டு மைல். வயதானவர்களையும் நோயாளிகளையும் சிறு குழந்தைகளையும் லாரியில் ஏற்றினார்கள். மற்றவர்கள் அந்த வெயிலில் நடந்தே போனார்கள். சிறை வாசலை நெருங்கும்போது தாய்நாட்டுப் பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் பிறகு எழுதியிருக்கிறார்கள்.

சாங்கிச் சிறையைக் கட்டியதும் பிரிட்டிஷ்காரர்கள்தான், 1936-இல். 600 கைதிகளுக்கென்று போட்ட கட்டடம். அதில் இப்போது 2,400 பேர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் சுமார் 400. வரவர இந்தத் தொகை ஏறிக்கொண்டே போனது. ஒருவருக்கென்று கட்டிய அறையில் மூன்று பேர். நடுவில் சிமெண்டு மேடை, ஒரு மூலையில் கழிப்பிடத் துளை. மேடையில் படுக்க ஒருத்திக்கு இடம். மற்ற இருவரும் இரு பக்கத் தரையில்.

உள்ளே வந்தவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் தோட்டத் துரைமாரின் மனைவிகள், அரசாங்க அதிகாரிகளின் மனைவிகள், மிஷன் பள்ளி ஆசிரியைகள், தாதிகள், மருத்துவர்கள், யுரேசியப் பெண்கள். இவர்களில் பலருக்கு முந்தைய மாதம் வரை ஆயா, சமையல்காரர், தோட்டக்காரர், டிரைவர் என்று ஆள் பேர் இருந்தது. அந்த ஆள் பேரில் தமிழர்களும் உண்டு. எனவே இந்தப் பெண்களின் துயரத்தைத் தமிழ் வாசகர் படிக்கும்போது ஒரு ஓரத்தில் சின்ன முள் உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும். அதற்காகப் பட்டினி பட்டினி இல்லாமல் போய்விடாது.

அவர்களை வாட்டியது பட்டினி மட்டுமல்ல, செய்தியே இல்லாமையும்தான். கணவன் குடிமகனாக இருந்தால் அதே சிறையில், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பான். பட்டாளத்தில் இருந்தால் சில கிலோமீட்டர் தள்ளி செலராங், ராபர்ட்ஸ் பாசறைகளில். சாங்கி வட்டாரத்தில் அப்போது 50,000 போர்க்கைதிகள் வரை இருந்தார்கள். கடைசி வாரச் சண்டையில் ஆள் பிழைத்தானா, காயமா, மருத்துவமனையிலா என்பது மனைவிக்குத் தெரியாது. சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்ட கடைசிக் கப்பல்களில் பல குண்டுக்கு இரையானதால், மனைவி கப்பலேறினாளா, கடலில் போனாளா, சிறையில் இருக்கிறாளா என்பது கணவனுக்கும் தெரியாது. குடிமக்கள் முகாமுக்கும் பட்டாள முகாமுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து கிடையாது.

இந்த இடத்தில்தான் எதெல் மல்வானி வருகிறார். கனடாவில் மானிட்டூலின் தீவில் பிறந்தவர். இராணுவ மருத்துவரான டெனிஸ் மல்வானியை மணந்து சில ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்து, பிறகு சிங்கப்பூர் வந்தவர். சும்மா இருக்கத் தெரியாத பெண்; மனநிலை உச்சத்துக்கும் அடியாழத்துக்கும் மாறிமாறிப் போய்வரும் சுபாவமும் கூடவே இருந்தது. பெண்கள் முகாமில் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி அவர்தான். ஜப்பானியக் காவலோடு நகரத்துக்குப் போய் முகாமுக்குச் சாமான் வாங்கிவரும் அனுமதியைப் பேசிப் பெற்றவரும் அவரே.

எதெல் சொன்ன யோசனை எளிமையானது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறங்குலச் சதுரமாக ஒரு காடாத்துணி. மாவு மூட்டைத் துணி, அரிசிப் பை, பழைய படுக்கை விரிப்பு, எதில் கிழித்ததாக இருந்தாலும் சரி. அதில் உன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தை. அடியில் உன் பெயரைத் தை. 66 சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்கு அன்பளிப்பு.

சிங்கப்பூர் வெக்கையில் போர்வை யாருக்கு வேண்டும்? யாருக்கும் வேண்டாம். ஆனால் 'காயம்பட்டவர்களுக்குப் போர்வை' என்று கேட்டால் எந்தக் கமாண்டன்டும் மறுப்பது கடினம். பெண்கள் மடியில் துணியை வைத்துப் பூவேலை செய்வதில் அவனுக்கு ஆபத்து எதுவும் தெரியப்போவதில்லை. பெயர்ப் பட்டியலாக ஒரு தாளைக் கொண்டுபோயிருந்தால் அது உளவு. அதே பட்டியலை ரோஜாப் பூவுக்கு அடியில் தைத்து அனுப்பினால் அது கைத்தொழில். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டதுதான் எதெலின் கெட்டிக்காரத்தனம்.

1942 மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், முகாம் வாழ்வின் முதல் அரையாண்டில், இந்த வேலை முடிந்தது. மொத்தம் மூன்று போர்வைகள்: ஒன்று பிரிட்டிஷ் காயக்காரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு, மூன்றாவது ஜப்பானியர்களுக்கு.

சதுரம் ஒவ்வொன்றும் ஒரு கை. தேர்ந்த கையும் உண்டு, பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்போடு ஊசியை மறந்த கையும் உண்டு. நூலை எங்கே பிடிப்பது? சொந்த உடுப்பின் ஓரத்தைப் பிரித்துத்தான். ஊசி ஒன்று உடைந்தால் அது பெரிய நஷ்டம். கைமாறிக் கைமாறிப் போகும் பொருள் அது. பூக்கள் நிறைய: ரோஜா, ஸ்காட்லாந்தின் முட்பூ, வசந்த காலத்து டாஃபடில். வீடு, தோட்டக் கதவு, நாய்க்குட்டி, கப்பல். சிலர் இருந்த இடத்தையே தைத்தார்கள்: சிறைச் சுவர், கம்பிக் கதவு, அறையின் உட்புறம். வெற்றியைக் குறிக்கும் ஆங்கில 'வி' எழுத்தையும் துணிந்து தைத்தவர்கள் இருந்தார்கள். ஒரு சதுரத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை உண்டு: முகாமில் குழந்தை பெற்ற ஒருத்தி, கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய முயல்குட்டியைத் தைத்து அனுப்பினாளாம். நீலம் என்றால் ஆண் குழந்தை. தகப்பனுக்குப் புரியும், காவல்காரனுக்குப் புரியாது.

ஷீலா ஆலனின் சதுரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மலாயாவில் பிறந்தவள், தந்தை ஆஸ்திரேலியர். சிறைக்குள் போகும்போது வயது 17. ரகசியமாக நாட்குறிப்பு எழுதிவந்த பெண்; அது பின்னாளில் புத்தகமாகவும் வந்தது. ஆஸ்திரேலியப் போர்வையில் அவள் சதுரத்தில் இருப்பது அந்தக் கண்டத்தின் வரைபடம், அதனுள் ஒரு கங்காரு. தந்தையின் நாடு என்று கேள்விப்பட்டதோடு சரி, அவள் அதுவரை கால்வைத்திராத மண். மற்றவர்கள் விட்டுவந்த வீட்டை நினைத்துத் தைத்தார்கள். இவள் போய்ச் சேர வேண்டிய வீட்டைத் தைத்தாள். அதே முகாம் வளாகத்தில் வேறு பகுதியில் இருந்த தந்தை, விடுதலைக்குச் சில வாரம் முன்பு, 1945-இல் இறந்துபோனார். ஷீலா மட்டும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள்.

இந்தப் போர்வைகளில் படத்தைவிடப் பெரிய விஷயம் கையெழுத்து என்பேன். கையெழுத்தைத் துணியில் கொண்டுவரும் முறை தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: முதலில் பென்சிலால் எழுதிக்கொண்டு, அந்தக் கோட்டின் மேலேயே காம்புத் தையல் போட்டுப் போக வேண்டும். அப்படித் தைத்தால் எழுத்தின் சாய்வு, சுழி, கடைசி எழுத்தின் வால் எல்லாம் அப்படியே விழும். அச்சில் வந்த பெயரைப் பார்த்தால் 'யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்' என்று சந்தேகப்படலாம். மனைவியின் கையெழுத்தை நூலில் பார்க்கிற கணவனுக்கு அந்தச் சந்தேகம் வராது. அவள் இருக்கிறாள், இங்கேதான் இருக்கிறாள், ஊசி பிடிக்கும் தெம்போடு இருக்கிறாள். இந்த மூன்று செய்தியும் ஆறங்குலத்தில். போர்வைகள் ராபர்ட்ஸ் பாசறை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒருவன் பார்த்தால் போதும், செய்தி பாசறை முழுக்கப் பரவிவிடும். இந்த முகாம்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பெர்னிஸ் ஆர்ச்சர் போன்றோர் வந்தபிறகுதான் இவற்றைப் பொழுதுபோக்குக் கைவேலை என்று ஒதுக்கும் பழக்கம் மாறியது. அதுவரை பீரங்கியும் வரைபடமுமே போர் வரலாறு; பெண்கள் தைத்தது வீட்டு அலங்காரம்.

ஜப்பானியருக்கான மூன்றாவது போர்வையைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. மற்ற இரண்டுக்கும் அனுமதி வாங்குவதற்காக வைத்த தூண்டில் அது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் அது மட்டும்தானா? போர்வையின் பின்புறத்தில் தைத்திருக்கும் வாசகம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே: சாங்கி முகாமின் பெண்கள், காயம்பட்ட வீரர்களின் துன்பத்துக்கு அனுதாபத்தோடு இதை வழங்குகிறோம், சண்டை ஓய்ந்தபின் இது அந்தந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். 'எதிரி' என்று பிரித்து எழுதவில்லை. கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் மனதார அதைத் தைத்தார்கள், எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தார்கள் என்று கணக்கெடுக்க இனி வழியில்லை. செஞ்சிலுவைப் பிரதிநிதி என்ற பொறுப்பை எதெல் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

அந்த வாசகத்தின் கடைசி வரியை நான் மிகவும் ரசிக்கிறேன். இந்தப் போர்வையைத் தண்ணீரில் போடாமல் உலர்சலவைக்குக் கொடுப்பது நல்லது என்று ஒரு குறிப்பு! சோற்றில் புழு பொறுக்கிக்கொண்டு, சோப்புக்குத் திண்டாடிக்கொண்டு இருந்தவர்கள் தைத்த வரி இது. சாயம் போகும் நூல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தத் துணி போரையும் தங்களையும் தாண்டி இருக்கும் என்றும், அதைப் பத்திரமாக வைக்க ஒருவர் வருவார் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு தப்பவில்லை.

இதே சிறையில் நான்காவதாக ஒன்றும் உண்டு. அதைச் செய்தவர்கள் சிறுமிகள்.

எலிசபெத் இந்திய இராணுவத் தாதியர் பணியில் இருந்தவர். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கேப்டன் ஜாக் எனிஸை அவர் சிங்கப்பூரில் மணந்த நாள் 1942 பிப்ரவரி 11. குண்டுவீச்சுக்கு நடுவே கல்யாணம். நான்காம் நாள் ஊர் விழுந்தது. மணமகன் பட்டாள முகாமுக்கு, மணமகள் சிறைக்கு. உள்ளே அலைந்து திரிந்துகொண்டிருந்த எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பெண் பிள்ளைகள் சுமார் இருபது பேரைச் சேர்த்து எலிசபெத் எனிஸ் ஒரு பெண் சாரணர் படையைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் மூலையில் கூடுவார்கள். அவருக்குத் தெரியாமல், அவருடைய பிறந்தநாள் பரிசாக, பிள்ளைகள் ஒரு போர்வை தைக்க ஆரம்பித்தார்கள்.

பெரியவர்களின் சதுரக் கணக்கு இங்கே இல்லை. அறுகோணத் துண்டுகள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு; ஒரு பூ. நைந்துபோன கவுன், கிழிந்த சட்டை, யாரோ வீசியெறிந்த கந்தல் எதுவாக இருந்தாலும் விரற்கடையளவு நல்ல துணி தேறினால் போதும், ஒரு இதழுக்கு ஆகிவிடும். பூவின் நடுத்துண்டில் தைத்த பிள்ளையின் பெயர். காவலர் வரும் சத்தம் கேட்டால் துணியை ஒளித்துவிடுவது, போனதும் எடுப்பது என்று வேலை நடந்தது. அந்த வயதில் இதெல்லாம் பாதி பயம், பாதி விளையாட்டு. ஒருபோதும் முழுசாக முடியாத அந்தப் போர்வை, ஓரம் ஒழுங்காக்கப்படாத நிலையிலேயே இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலிசபெத்தும் ஜாக்கும் உயிரோடு மறுபடி சேர்ந்தார்கள். போரில் நல்லபடி முடியும் கதைகள் குறைவு என்பதால் இதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தைத்தது பெண்கள் மட்டுமே என்று எண்ண வேண்டாம். அதே காலத்தில், பூமியின் மறுபக்கத்தில் ஜெர்மன் போர்க்கைதி முகாமில் அலெக்சிஸ் காஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ் மேஜர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். 1941-இல் கிரீட் தீவில் பிடிபட்டவர். கூட இருந்த வயதான கிரேக்க ஜெனரல் ஒருவரின் இற்றுப்போன கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலெடுத்து, அந்த ஆண்டு டிசம்பரில் குறுக்குத் தையலில் ஒரு வாசகத் துணி தைத்தார். கழுகு, சிங்கம், ஸ்வஸ்திகா, தேதி எல்லாம் ஒழுங்காக. சுற்றிலும் புள்ளியும் கோடுமாக இரட்டைக் கரை. கைதி ஒருவன் இவ்வளவு பொறுமையாகத் தைத்திருக்கிறானே என்று ஜெர்மானியருக்கு மெத்த சந்தோஷம். நான்கு முகாம்களில் அதைச் சுவரில் மாட்டிவைத்தார்கள். கரையிலிருந்த புள்ளியும் கோடும் மோர்ஸ் குறியீடு. ஒரு கரையில் 'கடவுள் மன்னரைக் காக்க'. மற்றொரு கரையில் ஹிட்லரைப் பற்றிய ஒரு வசை. குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாதது. துணிவேலை என்றால் கண்காணிப்பவனின் கண் தானாகத் தூங்கிவிடும் என்பது சாங்கிக்கு மட்டுமான உண்மை அல்ல போலிருக்கிறது.

சாங்கியில் அந்தத் தூக்கம் நீடிக்கவில்லை. 1943 செப்டம்பர் இறுதியில் நேச நாட்டுக் கமாண்டோக்கள் சிறு படகுகளில் வந்து துறைமுகத்துக் கப்பல்களுக்கு வெடிவைத்துவிட்டுப் போனார்கள். சிறைக்குள்ளிருந்துதான் தகவல் போயிருக்க வேண்டும் என்று கெம்பேய்தாய் என்ற இராணுவக் காவல்படை முடிவு கட்டியது. அது தவறான முடிவு. அக்டோபர் 10 அன்று சிறையைச் சல்லடை போட்டார்கள். அதையடுத்துப் பிடித்துக்கொண்டு போன 57 பேரில் 15 பேர் திரும்பவில்லை. கொண்டுபோனவர்களில் பெண்கள் முகாமின் செய்தித்தாளை நடத்திய ஃப்ரெடி ப்ளூமும் இருந்தார். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸும் இருந்தார். குவாஷியோர்கர் என்ற ஊட்டக்குறைவு நோயை ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் அடையாளம் கண்டு 1930-களில் உலகுக்குச் சொன்னவர் இந்த சிசிலி. பசியால் குழந்தைகளுக்கு நேர்வதைப் படித்துப் படித்து எழுதியவர், பசியையே காவலாக வைத்த கூண்டில் மாதக்கணக்கில், ஆண்களோடு ஒரே அறையில் முடங்கிக் கிடக்க வேண்டியதாயிற்று. இதற்குப்பின் முகாமில் சோதனை கடுமையானது, செய்தித்தாள் நின்றது. 1944 மே மாதம் குடிமக்கள் அனைவரும் சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டார்கள்.

எதெலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பசி முற்றியபோது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். என்ன சமைக்கலாம், எவ்வளவு வெண்ணெய், எத்தனை முட்டை, அடுப்பு எவ்வளவு நேரம். எதெல் அதையெல்லாம் எழுதி வைத்தார். விடுதலையாகிக் கனடா திரும்பியதும் 1946-இல் அதைப் போர்க்கைதிகளின் சமையல் புத்தகமாக அச்சிட்டு விற்றார். சுமார் 20,000 பிரதிகள், 18,000 டாலர் வரை வந்தது. அந்தப் பணம் இங்கிலாந்தில் இன்னும் மருத்துவமனையில் கிடந்த முன்னாள் கைதிகளுக்குப் பழமும் புகையிலையுமாகப் போனது.

இங்கே ஒரு வார்த்தை நம்மவரைப் பற்றி. அதே 1942–43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையான கல்லறைகளில் அவர்கள் பெயரும் படையும் தேதியும் இருக்கின்றன. தமிழர் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் மதிப்பீட்டுக்கு மதிப்பீடு ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வருகிறது. அவர்களுக்குச் செஞ்சிலுவைப் பிரதிநிதி கிடையாது. பெயர் எழுதிக்கொள்ளும் பட்டியல் கிடையாது. காடாத்துணியும் அனுமதியும் வாங்கித்தர யாரும் கிடையாது. சாங்கிப் பெண்களின் பெயர்களை இன்று ஒவ்வொன்றாகப் படிக்க முடிகிறதென்றால், அவர்கள் தைரியம் ஒரு காரணம். அவர்கள் பெயர் கேட்கப்பட வேண்டிய பெயர் என்று காவல்காரனும் ஏற்றுக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். கூலி லயத்திலிருந்து போனவனுடைய பெயரை அவன் மனைவி எங்கே தைத்து யாருக்கு அனுப்பியிருப்பாள்?

மூன்று போர்வைகளும் போர் முடியும்வரை தப்பின. பிரிட்டிஷ் போர்வை லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் வெப்ஸ்டர் என்ற ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவ அதிகாரியின் கைக்கு வந்து, 1968-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தைச் சேர்ந்தன. பின்புறத்து வாசகம் கேட்டுக்கொண்டபடி ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மூன்றாவது போர்வை போகவில்லை. யாருக்குக் கொடுக்கத் தைத்தார்களோ அவர்கள் அதைப் பார்க்காமலே போனார்கள். யாருக்குச் செய்தி சொல்லத் தைத்தார்களோ அவர்களின் நாட்டில் அது தங்கிவிட்டது.

ஹாங்காங்கின் ஸ்டான்லி முகாமில் டே ஜாய்ஸ் என்ற பெண் ஒரே ஒரு படுக்கை விரிப்பில் 1,100-க்கு மேற்பட்ட பெயர்களையும் குறிகளையும் தைத்திருக்கிறாள். அதில் பல, அவள் மட்டுமே படிக்கக்கூடிய சங்கேதம். அந்த விரிப்பை அடுத்த வாரம் விரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)